கடற்கரைக்குப் பிடித்த ஏழரை

"தம்பி, ஒரு மாசம். கடல் இருக்கணும். கார் இருக்கக்கூடாது. நல்ல ஊரா ஒண்ணு சொல்லுங்க!"

கேட்டவர் நெய்வேலி அண்ணன். எனக்கு உறவில்லை. ஆனால், புத்தகக் கண்காட்சிக்கு நெய்வேலி போனால் லாட்ஜ் தேட விடமாட்டார். சுரங்கத்தில் முப்பத்து மூன்று வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கண்ணில் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து ஸ்கூட்டரையும் தொடுவதில்லை. அண்ணிக்கு வலது முழங்காலில் தேய்மானம். ஆனால், இரண்டு பேரும் நடப்பார்கள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

"லீவுக்கா அண்ணே?" என்றேன்.

"ஆமா, சும்மா லீவுக்குத்தான்" என்றார்.

அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டே அண்ணி உண்மையைச் சொன்னார்: "ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்ல தம்பி. எங்க போய் உக்கார்றதுன்னு அவருக்குத் தெரியலை. சின்ன வயசுலேர்ந்து கடலோரமா இருக்கணும்னு ஆசை. ஒரு மாசம் இருந்து பாத்தா தெரிஞ்சிடும்னு கணக்குப் போடறாரு."

ஆக, இது டூர் இல்லை, ஒத்திகை. தப்பான ஊரைச் சொல்லிவிட்டால் மூன்று நாளில் முடிந்துபோகிற தப்பு இல்லை.

பத்திரிகைக்காரனிடம் ஊர் கேட்டால் பழைய இதழ்களைத்தானே புரட்டுவான்? புரட்டினேன். நம் பயணக் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சு. காண வேண்டிய இடங்கள், சாப்பிட வேண்டிய மீன், தங்கும் விடுதிகள், 'எப்படிச் செல்வது?' என்று ஒரு பெட்டிச் செய்தி. அந்தப் பெட்டி நம்மை ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுவிட்டுக் கழன்றுகொள்கிறது. அறையிலிருந்து பால் பூத்துக்கு எப்படிப் போவது, வழியில் நிழல் உண்டா, ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை வாங்கிவிட்டுத் திரும்பும்போது தெருவிளக்கு எரியுமா என்று ஒருவரும் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. சினிமாவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுப் பழகிய தமிழ்ப் பத்திரிகை உலகத்தில், ஊர்களை மட்டும் எல்லோரும் பாஸ் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

சரி, இந்தத் தடவை ஊர்களுக்கு விமர்சனம் எழுதிப் பார்ப்போம் என்று கிளம்பினேன். பி.காம். படித்தவனுக்கு எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால்தான் புரியும்.

முதலில் ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனும் அண்ணியும் நடந்து பழகியது நெய்வேலி டவுன்ஷிப்பில். அங்கே நடந்து பழகிய காலுக்கு வேறு ஊர் பிடிப்பது கஷ்டம்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1956-ல் என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். கூடவே ஓர் ஊரும் முதலில் காகிதத்தில் வரையப்பட்டு, பிறகு தரைக்கு வந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து நம்பர் கொடுத்த ஊர். நேரான, அகலமான ரோடு. இரண்டு பக்கமும் மரம். குவார்ட்டர்ஸைச் சுற்றித் தோட்டம், தோட்டத்தில் மாவும் பலாவும். பள்ளிக்கூடம், கடை, கோயில், மைதானம் எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில். ஜூன் மாத மத்தியானத்தில்கூட ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு நிழலிலேயே போய்விடலாம். கடல் ஒன்றுதான் இல்லை. அது நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலூரில் இருக்கிறது.

அதனால் அண்ணியின் காலையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஐந்து கேள்விகள். ஒன்று, பால், காய்கறி, மருந்து மூன்றும் பத்து நிமிட நடையில் கிடைக்குமா? இரண்டு, வழியில் நிழல் உண்டா? மூன்று, கால் வலித்தால் காசு கொடுக்காமல் உட்கார இடம் உண்டா? நான்கு, இருட்டின பிறகு பயமில்லாமல் திரும்பி வரலாமா? ஐந்து, ஒரு மாதம் நடந்தாலும் அலுக்காமல் இருக்க ஊரில் ஏதாவது இருக்கிறதா?

கடல் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை வைத்திருக்கிற மாநிலம் இது. தட்டுப்பாடு கடலுக்கு இல்லை.

பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். நெய்வேலிக்காரர்களின் சொந்தக் கடல் தேவனாம்பட்டினம். 'சில்வர் பீச்' என்றால்தான் கடலூரில் ஆட்டோக்காரருக்குப் புரியும். அகலமான மணல், நல்ல காற்று, சாயங்காலம் பஜ்ஜி. கடலுக்கு முழு மார்க். ஆனால், கடலூர் என்பது ஒரே ஊர் இல்லை. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், 'ஓ.டி.' என்கிற பழைய டவுன் என்று கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறிக் கிடக்கிற பல ஊர். பஸ் ஸ்டாண்டும் பெரிய கடைகளும் ஒரு மூலை, கடல் இன்னொரு மூலை. கடற்கரையில் குடியிருந்தால் காய்கறிக்கு ஆட்டோ, கடைத்தெருவில் குடியிருந்தால் கடலுக்கு ஆட்டோ. "சனிக்கிழமை வந்துட்டுப் போகத்தான் லாயக்கு" என்றார் அண்ணன், முப்பது வருஷ அனுபவத்தில்.

அடுத்தது மாமல்லபுரம். வரைபடத்தில் பார்த்தால் மனசு துள்ளும். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் எல்லாமே நடை தூரம். பல்லவர் காலத்துச் சிற்பிகள் நடந்துதானே வேலைக்குப் போயிருப்பார்கள்! 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அங்கே சந்தித்தபோது ஊரைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். ஆனால், அங்கே நடக்கிறவர் பாதசாரி இல்லை, கஸ்டமர். பத்தடிக்கு ஒருவர் கூப்பிடுகிறார், கல் விநாயகர் வேண்டுமா, அறை வேண்டுமா, மீன் வறுக்கவா என்று. ஒரு நாள் கூப்பிட்டால் உபசாரம். தினமும் கூப்பிட்டால்? சனி, ஞாயிறுகளில் சென்னை மொத்தமும் ஈ.சி.ஆர். வழியாகக் காரில் வந்து இறங்குகிறது. வாரத்தில் ஐந்து நாள் ஊர், இரண்டு நாள் கார் ஷெட்.

கன்னியாகுமரியையும் ராமேஸ்வரத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். இரண்டிலும் கோயிலைச் சுற்றித் தாராளமாக நடக்கலாம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத் துணியோடு நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால், இதுவல்லவோ நடைக்கென்றே பிறந்த ஊர் என்று தோன்றும். ஆனால், இரண்டுமே 'வந்தோம், பார்த்தோம், கிளம்பினோம்' ஊர்கள். லாட்ஜ்கள் மறுநாள் காலை உங்களைக் காலி செய்ய வைப்பதில்தான் குறியாக இருக்கும். தனுஷ்கோடி பார்க்க வண்டி வேண்டும். கன்னியாகுமரியில் கொஞ்சம் பெரிய வேலை என்றால் நாகர்கோவில் பஸ் பிடிக்க வேண்டும். நான்கு நாளுக்கு எண்பது மார்க், நாற்பது நாளுக்கு முப்பது.

வேளாங்கண்ணியில் வேறு ஒரு விஷயம் உறைத்தது. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா. சென்னையிலிருந்தெல்லாம் காவி வேட்டியும் வெறுங்காலுமாக நடந்தே வருகிறார்கள். திருச்செந்தூருக்கும் பழநிக்கும் இப்படித்தான். தமிழ்நாட்டில் நிஜமாக நெடுந்தூரம் நடப்பவர்கள் பாதயாத்திரைக்காரர்கள்தான். அவர்கள் நடக்கிற ரோடு எது? லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற இரண்டடி மண். சாலை போட்டவர்களின் கணக்கில் அவர்கள் வரவே இல்லை.

பிறகு தரங்கம்பாடி. சொன்னால் நம்புங்கள், பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பழைய கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் உட்கார்ந்த ஊர். 1845-ல் வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாசலிலிருந்து நேராக ராஜ வீதி. இரண்டு பக்கமும் பழைய தேவாலயங்கள், பழைய வீடுகள். 1706-ல் வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த சீகன்பால்க் நடந்த தெரு. கடைசியில் டேனிஷ் கோட்டை. அதைத் தாண்டினால் கடல், கடல் அரித்தது போக மிச்சமிருக்கிற மாசிலாமணிநாதர் கோயில். வாசலிலிருந்து அலை வரை சாவகாசமாகப் பத்து நிமிஷம். ஹார்ன் கிடையாது.

"இதான்!" என்றார் அண்ணன்.

அண்ணி கேட்டார்: "கறிகாய் எங்க விக்குது?"

விசாரித்தோம். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொறையார் போக வேண்டும். அதைவிடப் பெரிய வேலை என்றால் காரைக்கால். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு ரயில் வந்துகொண்டிருந்தது. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். தரங்கம்பாடியில் நடக்க இடம் இருக்கிறது, நடந்து போய்ச் சேர இடம் இல்லை. கடலும் கோட்டையும் பார்த்தாயிற்று, மூன்றாம் நாள் எதற்காகச் செருப்பைப் போடுவது? அழகான தெரு. ஆனால், பாதி மியூசியம். ஒரு வாரம் மட்டும் என்றால் நானே கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

கடைசியில், எல்லோரும் முதலிலேயே சொன்ன ஊருக்கு வந்து நின்றோம். பாண்டிச்சேரி.

எனக்கு அந்த ஊர்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கல்யாண போட்டோக்காரர்கள் கண்டுபிடித்த ஊரோ என்று நினைத்திருந்தேன். மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூக்கொடி, அதன் முன்னால் ஒரு மணப்பெண். ஆனால், அண்ணியின் ஐந்து கேள்விகளோடு போனால் வேறு ஊர் தெரிகிறது.

நேர் நேராக வெட்டிக்கொள்ளும் தெருக்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், சில வருஷம் இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டத்தின் தடம் என்கிறார்கள். சுற்றிலும் முட்டை வடிவத்தில் பெரிய சாலைகள். அதற்குள் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் அரை மணிக்குள் கடல். நடுவில் ஒரு வாய்க்கால். கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பெரிய மார்க்கெட், அரசு ஆஸ்பத்திரி, மணக்குள விநாயகர், 1827-லிருந்து இருக்கிற பொது நூலகம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாமே நடை. பாரதியார் 1908-லிருந்து பத்து வருஷம் இந்தத் தெருக்களில்தான் நடந்தார், அதுவும் உளவுப் போலீஸைப் பின்னால் விட்டுக்கொண்டு. ஐந்தாவது கேள்விக்கும் இங்கே பதில் உண்டு.

அப்புறம் அந்தக் கடற்கரைச் சாலை. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தடுப்பை இழுத்துப் போட்டு, மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை உள்ளே விடுவதில்லை. தமிழ் பேசும் ஊர்களில் இப்படித் தினசரி, தவறாமல், ஒரு முழுச் சாலையைக் காலுக்கு விட்டுக்கொடுக்கிற ஊரை நான் வேறு பார்த்ததில்லை. தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தினார்கள், நல்ல விஷயம்தான். ஆனால், அது கடைக்குப் போகிற நடை. இது சும்மா நடக்கிற நடை.

இங்கேதான் என் காமர்ஸ் புத்தி குறுக்கிட்டது. ஆறு முதல் ஏழரை வரை பதின்மூன்றரை மணி நேரம் என்று கேட்டால் தாராளம். ஆனால், அதில் ராத்திரி ஒன்பதரையிலிருந்து விடியற்காலை ஐந்து வரை மனுஷன் தூங்குவான். நிகரமாகக் கையில் நிற்பது ஆறு மணி நேரம்தான். பகல் முழுக்க அதே சாலை கார்களுக்கு.

முதல் நாள் காலை, கடலைப் பார்த்த ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏழரை. காவலர் தடுப்பை ஓரமாக நகர்த்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முதல் கார் வந்தது. பின்னாலேயே நாலு. சாலை நடுவில் கையை வீசி நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை, பழகிவிட்டது.

"சனி பகவானுக்காவது ஏழரை வருஷத்துல விட்டுப் போகும். இங்க தினமும்ல ஏழரை பிடிக்குது" என்றார் அண்ணி.

அந்தக் கடற்கரையில் இன்னொரு பற்றுக் கணக்கும் இருக்கிறது. பல வருஷம் அங்கே மணலே கிடையாது, வெறும் பாறாங்கல். எண்பதுகளின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த கரையைக் கடல் தின்றது. 2018-ஐ ஒட்டிக் கடலுக்குள் ஒரு செயற்கைத் தடுப்பை இறக்கிய பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

சரி, கடற்கரைச் சாலையை விடுங்கள், ஊருக்குள் நடைபாதை எப்படி? பிரெஞ்சுப் பகுதியில் நடைபாதை இருக்கிறது. ஆனால், அண்ணி அதில் ஏறவில்லை. ஏறினால் ஒரு வீட்டு கேட் வரும், இறங்க வேண்டும். மறுபடி ஏற்றம். டிரான்ஸ்ஃபார்மர் வரும், இறங்க வேண்டும். வாடகை ஸ்கூட்டர்கள் பத்து வரிசையாக நிற்கும், சுற்றிப் போக வேண்டும். இரண்டு தெரு முடிவதற்குள் பதினாறு தடவை ஏறி இறங்கியாயிற்று என்று எண்ணிச் சொன்னார். தேய்ந்த முழங்காலுக்கு ஒவ்வொன்றும் ஒரு படி. கடைசியில் ரோட்டிலேயே நடந்தார். பின்னாலிருந்து ஒரு கார்க்காரர், 'பிளாட்பாரம் இருக்குல்ல?' என்று ஹார்னால் கேட்டார்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். உயரம் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது அரை அடிக்கு, மேல் போகக்கூடாது. அரை அடி என்பது சாதாரண மாடிப்படியின் உயரம், வயதானவர் ஏறக்கூடிய உயரம். நம் ஊர்களில் ஓர் அடி, ஒன்றரை அடி என்று கட்டி, பளபளா டைல்ஸ் ஒட்டி, மழை பெய்தால் வழுக்குகிற மாதிரி செய்து வைக்கிறார்கள். காலுக்காகக் கட்டினால் இப்படிக் கட்ட மாட்டார்கள். பில்லுக்காகக் கட்டினால்தான் இப்படி வரும்.

அப்படியானால் கார்களை முழுசாகவே நிறுத்திவிட்டால் என்ன? உலகத்தில் அப்படியும் இடங்கள் இருக்கின்றன. கிரேக்க நாட்டில் ஹைட்ரா என்று ஒரு தீவு. அங்கே கார் கிடையாது. மூட்டை முடிச்சைக் கழுதையும் கோவேறு கழுதையும் சுமக்கும். நம் நாட்டிலேயே மும்பைக்குப் பக்கத்தில் மாதேரான் என்ற மலை ஊர் இருக்கிறது. மோட்டார் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். கேட்க எவ்வளவு சுகம்! ஆனால், அந்த மாதேரானில் நடக்க முடியாதவர்கள் எதில் போனார்கள் தெரியுமா? மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவில். செம்மண் ஏற்றத்தில் ஒரு மனிதர் இழுக்க, இன்னொரு மனிதர் உட்கார்ந்து சுத்தமான காற்றை ரசித்தார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இது மனித கௌரவத்துக்கு எதிரானது, ஆறு மாதத்துக்குள் நிறுத்துங்கள் என்று உத்தரவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கு நெய்வேலி ஞாபகம் வந்தது.

அந்த அழகான வட்டங்களும் நிழல் ரோடுகளும் வெட்ட வெளியில் முளைத்தவை அல்ல. அங்கே கிராமங்கள் இருந்தன. முந்திரித் தோப்பு, கம்பங்கொல்லை, குலதெய்வக் கோயில், எல்லாம் இருந்தன. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் நிலக்கரி இருப்பதைக் கண்டு, நிலத்தைக் கொடுத்தார் என்று நாம் பள்ளியில் படித்தோம். அவர் மனமுவந்து கொடுத்தார். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தவர்களின் பெயர் பாடப் புத்தகத்தில் இல்லை. அந்தக் கதை இன்னும் முடியவும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காக, பச்சையாக நின்ற நெல் வயலில் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நிலம் முன்பே கையகப்படுத்தியது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிர்வாகம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால், பயிர் நின்றது நின்றதுதானே?

நான் சொல்ல வருவது இதுதான். ஓர் ஊரில் நிம்மதியாக நடக்க முடிகிறது என்றால், யாரோ அந்த இடத்தை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தானாக எங்கேயும் அமைவதில்லை. யார் விட்டுக் கொடுத்தார்கள், விரும்பிக் கொடுத்தார்களா, பிடுங்கினார்களா என்பதுதான் ஒவ்வொரு ஊரின் கணக்குப் புத்தகத்திலும் பார்க்க வேண்டிய பக்கம். பெரும்பாலான நம் கடலோர ஊர்களில் கார்க்காரன் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. நடக்கிறவன்தான் விட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். பாண்டியில் மட்டும் கார்க்காரன் தினமும் பதின்மூன்றரை மணி நேரம் விட்டுக் கொடுக்கிறான். அதற்காகத்தான் அதற்கு மார்க்.

ஆனால், அதைவிடப் பெரிய விட்டுக்கொடுத்தல் ஒன்று அதே ஊரில், வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. டூரிஸ்ட்டுகள் அதிகம் எட்டிப் பார்க்காத தமிழர் பகுதியில். பழைய வீடுகளின் முன்னால் தாழ்வாரம் இருக்கும். மரத்தூண் நட்டு, சாய்வாக ஓடு வேய்ந்து, தெருவைப் பார்த்துத் திறந்த இடம். அதற்கு உள்ளே திண்ணை. தெருவில் போகிறவன் வெயிலுக்கு ஒதுங்கவும் மழைக்கு நிற்கவும் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொள்ளவும் வீட்டுக்காரன் தன் செலவில் கட்டி விட்ட இடம். அரசாங்கம் உத்தரவு போடவில்லை, கம்பெனி பிளான் போடவில்லை. ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் தாழ்வாரம் இருந்தால் அந்தத் தெரு முழுக்க நிழல் நடைபாதை. வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீட்டு முகப்புகளைப் பழையபடி சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

அங்கே ஒரு திண்ணையில் அண்ணி உட்கார்ந்தார். அனுமதி கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். 'யாரு?' என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "தண்ணி வேணுமா?" என்றார். பாட்டிக்கும் முழங்கால் வலியாம். இரண்டு பேரும் எந்தத் தைலம் கேட்கும் என்று இருபது நிமிஷம் பேசினார்கள்.

பக்கத்து வீட்டிலும் தாழ்வாரம் இருந்தது. கிரில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு புல்லட்டும் இரண்டு காஸ் சிலிண்டரும். அதற்கு அடுத்த வீடு இடிக்கப்பட்டு மூன்று மாடியாகியிருந்தது. தாழ்வாரம் இருந்த இடத்தில் காருக்கு ஒரு சிமென்ட் சரிவு, தெருவுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டு. தாத்தா தெருவுக்குக் கொடுத்தார், பேரன் தெருவிடமிருந்து எடுத்துக்கொண்டார். பேரனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. நானும் சென்னையில் என் வீட்டு வாசலில், நடைபாதையில் பாதியை மறைத்துத்தான் ஸ்கூட்டர் நிறுத்துகிறேன். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தீர்ப்புக்கு வருகிறேன்.

கார் இல்லாமல் ஒரு மாதம் கடலோரம் இருக்க ஆசைப்படுகிறவர்கள், கடலைப் பார்த்த அறையைத் தேடாதீர்கள். கடலிலிருந்து இருபது நிமிஷ நடையில், மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், தரைத் தளத்தில், திண்ணை உள்ள தெருவில் ஒரு வீட்டைத் தேடுங்கள். பாண்டியில் அது வாய்க்காலுக்கு மேற்கே கிடைக்கும். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள். தை பாதியிலிருந்து மாசி கடைசி வரை வெயிலும் மழையும் தொந்தரவு செய்யாது. சனி, ஞாயிறுகளில் வெளியூர் கார்கள் வரும், அன்றைக்குக் கடற்கரையை அவர்களுக்கு விட்டுவிட்டு நூலகத்துக்குப் போங்கள். கடலுக்கு இணையாக, வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களில் காலையில் கிழக்கு ஓரமாகவும் பிற்பகலில் மேற்கு ஓரமாகவும் நடந்தால் நிழல் கூடவே வரும். கேட்டால் மார்க்: பாண்டிச்சேரி 58, தரங்கம்பாடி 49, மாமல்லபுரம் 41, கடலூர் 38. முதல் வகுப்பு யாருக்கும் இல்லை.

பாண்டி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அந்த ஏழரையை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது பத்தரையாக ஆக்கிப் பாருங்கள். ஊர் இடிந்து விழாது. ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் தூங்கி எழுந்து, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சாலை நடுவில் கொஞ்ச நேரம் ஓடலாம்.

திரும்பும் பஸ்ஸில் வடலூர் தாண்டியதும் டவுன்ஷிப் மரங்கள் தெரிய ஆரம்பித்தன. அண்ணன் ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"முப்பத்து மூணு வருஷம் இந்த ரோட்ல நடந்திருக்கேன் தம்பி. இது யாரோட கொல்லையா இருந்துச்சுன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல" என்றார்.

அண்ணி தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே சொன்னார்: "அந்தப் பாட்டி வீட்ல மாடிப் போர்ஷன் காலியா இருக்காம். ஆனா எனக்கு மாடி ஏற முடியாது. கீழ் வீடா பாக்கச் சொல்லி நம்பர் கொடுத்துட்டு வந்திருக்கேன்."